தரகரும் கடன் பணமும்

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் செய்து பார்" என்பது நம் முன்னோர் வாக்கு. மும்பையிலோ தில்லியிலோ உத்தியோகம் பார்த்துக்கொண்டு, சொந்த ஊரில் வீடு எழுப்ப விழையும் அன்பர்களுக்கு இச்சோதனை இரட்டிப்பாகிறது. அருகிருந்து கவனிக்க இயலாமையால், மனையை வாங்கித் தந்த தரகரிடமே அதிகாரப் பத்திரத்தையும் வங்கிக் கடனையும் சிலர் ஒப்படைத்து விடுகின்றனர். அப்பணம் தவறிப் போனால் பொறுப்பு யாருடையது?

கட்டுமானக் கடனை வங்கிகள் பொதுவாக ஒரே தடவையில் கொடுப்பதில்லை. அஸ்திவாரம், சுவர், மேல்தளம் என வேலை முன்னேற முன்னேறத் தவணைகளாகவே அளிக்கின்றன. முதல் தவணையைத் தரகர் வேறு காரியத்திற்குத் திருப்பிவிட்டால், சுவர் எழும்பாது. அடுத்த தவணையும் வராது. வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். வங்கிக்குக் கடன்பட்டவர் நாமே. தரகர் ஏமாற்றிவிட்டார் என்பதால் அக்கடன் தீர்ந்துவிடாது.

எனினும் சட்டம் தரகரை விட்டுவிடுவதில்லை. பிறருக்காகச் செயற்படும் முகவர், கேட்கும்போது முறையான கணக்குக் காட்டவும், அவருக்காகப் பெற்ற தொகையை அவரிடம் சேர்ப்பிக்கவும் கடமைப்பட்டவர் என்று 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் கூறுகிறது. நம்பி ஒப்படைத்த பணத்தை நேர்மையின்றிக் கையாடுவது குற்றமுமாகும். 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 316-ஆம் பிரிவு, தரகர் தம் தொழிலின் வழியே இக்குற்றம் புரிந்தால் ஆயுள் தண்டனை வரை விதிக்க இடமளிக்கிறது.

கட்டிட நிறுவனத்திடம் அடுக்குமாடி வீடு வாங்குவோருக்கு 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டமும் துணை நிற்கிறது. பதிவு பெற வேண்டிய திட்டங்களில் வீடு விற்றுத்தரும் தரகர், தாமும் பதிவு பெற்று, கணக்கேடுகளைப் பேணுதல் வேண்டும். தவறினால் அவர்மீது மாநில ஆணையத்திடம் முறையிடலாம். சொந்த மனையில் தமக்கென வீடு கட்டிக்கொள்வோர் இந்த வழியை நம்பியிருக்க இயலாது.

வழக்கு நெடுநாள் நடக்கக்கூடியது. ஆகவே வருமுன் காத்தலே நலம். அதிகாரப் பத்திரத்தில் பணம் பெறும் உரிமையைத் தரகருக்கு அளிக்காதீர்கள். கடன் தவணை உங்கள் கணக்கிற்கே வரட்டும். கட்டிட ஒப்பந்தக்காரருக்கும் சாமான் விற்பவருக்கும் அங்கிருந்தே வங்கி வழியாகச் செலுத்துங்கள். அடுத்த தொகையை விடுவிக்குமுன், தரகரோடு தொடர்பற்ற ஒரு பொறியாளரை அனுப்பி வேலையைப் பார்வையிடச் செய்யுங்கள். தரகருக்குப் பேசிய தரகைத் தனியே கொடுத்து, ரசீது பெற்றுக்கொள்ளுங்கள்.