கல்லும் சொல்லும்



எரிமலைக் குழம்பு நுரைத்தெழுந்து விரைவில் உறைவதால் உண்டாவது நுரைக்கல். உடலெல்லாம் துளையாதலின் அது நீரில் மிதக்கும். பண்டைக் கிரேக்கர் இதனைக் 'கிஸ்ஸேரிஸ்' என்றனர். முதல் நூற்றாண்டினரான டயாஸ்கொரிடீஸ் என்னும் மருத்துவர், பற்பொடிக்கு உதவும் பொருளென இதனைத் தம் நூலில் குறித்துள்ளார்.

அந்நூல் 9-ஆம் நூற்றாண்டில் பக்தாத் நகரில் அரபு மொழியில் பெயர்க்கப்பட்டது. பெயர்த்தவர் இஸ்தபான், திருத்தியவர் ஹுனைன். நேரான அரபுச் சொல் தெரியாத இடங்களில் கிரேக்கப் பெயரையே இஸ்தபான் எழுதி வைத்தார். பின்வருவோர் அறிந்து நிரப்புவர் என்பது அவர் நம்பிக்கை. அந்நம்பிக்கை பொய்க்கவில்லை. 10-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுக் கொர்தோபா நகரத்து அறிஞர் அப்பணியைத் தொடர்ந்தனர்.

கிரேக்கர் வழங்கிய கல்லின் பெயரும் அரபு உருவம் கொண்டு, 'கைஷூர்' என மருத்துவ ஏடுகளில் வாழ்ந்தது. இன்றோ பொது வழக்கில் அது இல்லை. இலேசானது என்னும் பொருள்படக் 'கஃபாஃப்' என்பதே வழக்கு.

அன்பர்களே! அங்கே கல் இருக்கிறது. பழஞ்சொல் ஏட்டில் உறங்குகிறது. வாயில் வழங்காத சொல்லின் கதி இதுவே. பிழைப்பை நாடி வந்த நாம் இவ்வூர்ச் சொற்களைக் கற்பதில் இழுக்கில்லை. ஆனால் நம் அடுக்களையை விட்டு அம்மியும் ஆட்டுக்கல்லும் அகன்று வருகின்றன. அவற்றின் பெயரை நம் குழந்தைகளுள் எத்துணைப் பேர் அறிவர்? கல் போயினும் சொல் போகலாகாது. இன்றிரவே வீட்டில் சொல்லிக் கொடுங்கள்.