முகப்பரு மாத்திரை: அட்டை கைமாறும், சீட்டு கைமாறாது

(விழுப்புரம், திண்டிவனம் பகுதிக் கல்லூரி மாணவ, மாணவியரிடம் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த இதழ்ல வழக்கமா பட்டா மாறுதல், வருமானச் சான்றிதழ், மின் கட்டணம்னு பேசுவோம். இன்னைக்கு நான் பேசப்போறது முகப்பரு பத்தி. சிரிக்காதீங்க. செல்ஃபி எடுத்ததும் முதல்ல எந்த இடத்தைப் பெரிசாக்கிப் பார்க்கிறீங்க, எந்த ஃபில்டர் போட்டு அனுப்புறீங்கன்னு உங்களுக்கே தெரியும். திண்டிவனம் பஸ்ல ஜன்னலோர சீட்டு கிடைச்சும், துப்பட்டாவால முகத்தை மூடிக்கிட்டு விழுப்புரம் வரைக்கும் வந்தவ நான். அதனால எனக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பரு சாதாரணமானதா, கடுமையானதா?

பருவ வயதில் ஆண், பெண் இருவருக்குமே ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்கள் கூடுகின்றன. தோலில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகமாகச் சுரக்கின்றன. நுண்துளைகளின் வாய் அடைபடுகிறது. தோலில் எப்போதும் இருக்கும் ஒரு வகை பாக்டீரியா அதற்குள் பெருகி, வீக்கம் வருகிறது. இதுதான் பரு. பெரும்பாலானவர்களுக்குத் தடவும் மருந்திலேயே கட்டுப்பட்டுவிடும். சிலருக்கு மட்டும் முகம், மார்பு, முதுகு என்று தோலுக்கு அடியில் வலியுள்ள கட்டிகளாக வரும். ஆறினாலும் குழி விழுந்த தழும்பு நிற்கும். இதைத்தான் கடுமையான பரு என்கிறார்கள்.

நம்ம வீட்டுல என்ன சொல்லுவாங்க? "உடம்புச் சூடு, எண்ணெய் தேச்சுக் குளி." "முகத்தை ஒழுங்காக் கழுவுறதே இல்ல." கடைசியா, "கல்யாணம் ஆனா தானாப் போயிடும்." எல்லாம் அக்கறைலதான் சொல்றாங்க. ஆனா பரு அழுக்கால வர்றதில்ல. அழுத்தித் தேய்ச்சுக் கழுவினா தோல் இன்னும் புண்ணாகும். கல்யாணம் வரைக்கும் காத்திருக்கிற அந்த மாசங்கள்லதான் தழும்பும் விழுது.

நான் செய்த முதல் தப்பு

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு மருந்துக் கடையில போய், "பருவுக்கு ஏதாவது க்ரீம் குடுங்கண்ணா"ன்னு கேட்டேன். சின்ன ட்யூப் ஒண்ணு குடுத்தாங்க. நாலே நாள்ல முகம் வெளுத்து, பளபளன்னு ஆயிடுச்சு. "என்னடி போடுற, எனக்கும் சொல்லு"ன்னு அத்தையே கேட்டாங்க. ரெண்டு மாசம் போட்டுட்டு நிறுத்தினேன். முகம் முழுக்கச் சிவந்து எரிச்சல், முன்னைவிட அதிகமா பரு. பிறகுதான் தெரிஞ்சது, அதுல ஸ்டீராய்டு இருந்ததுன்னு.

தோல் மருத்துவர் சில நோய்களுக்குக் குறைந்த நாள்களுக்கு எழுதித்தரும் மருந்து அது. பருவுக்கோ, நிறம் கூட்டுவதற்கோ முகத்தில் தொடர்ந்து போட்டால் தோல் மெலியும், ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், முடி வளரும், நிறுத்தினால் பரு பல மடங்காகத் திரும்பும். இதனால்தான் 2018-ல் மத்திய அரசு, தடவும் ஸ்டீராய்டு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத 'ஹெச்' அட்டவணைக்குள் கொண்டுவந்தது. உங்க வீட்டு ட்யூபை இன்னைக்கே எடுத்துப் பாருங்க. பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் இதுல ஏதாவது பேர் இருந்தா, போன்ல படம் எடுத்து மருத்துவர்கிட்ட காட்டுங்க. ரொம்ப நாளாப் போட்டுட்டிருந்தா எப்படி நிறுத்தணும்னும் அவர்தான் சொல்லணும்.

மாத்திரை வேலை செய்யும், அதனால்தான் கவனம்

கடுமையான பருவுக்கு மருத்துவர்கள் எழுதும் முக்கியமான மருந்து ஐசோட்ரெட்டினோயின். வைட்டமின் 'ஏ' குடும்பத்தைச் சேர்ந்தது. அமெரிக்காவில் 1982-ல் அனுமதி பெற்றது. இது எண்ணெய்ச் சுரப்பிகளையே சுருங்கச் செய்கிறது. எடை, பருவின் கடுமை இரண்டையும் பார்த்து அளவு தீர்மானிப்பார்கள். பொதுவாக நாலு முதல் ஆறு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் சாப்பிட வேண்டியிருக்கும். பலருக்கு அதோடு பரு அடங்கிவிடுகிறது. சிலருக்கு மறுபடி ஒரு சுற்றுத் தேவைப்படலாம்.

சாப்பிட்டவங்க எல்லாரும் முதல்ல சொல்றது உதடு பத்திதான். உதடு வறண்டு, வெடிச்சு, சிரிச்சா ரத்தம் வரும். கண்ணு உறுத்தும், மூக்கு உள்ளே காய்ஞ்சு சில நேரம் ரத்தம் கசியும். நம்ம ஊர் வெயில்ல அரை மணி நேரம் நின்னா முகம் எரியும். கபடி, ஓட்டம்னு விளையாடுறவங்களுக்கு மூட்டு, இடுப்பு வலி வரலாம். முதல் சில வாரங்கள்ல பரு இன்னும் அதிகமாகி, "மருந்து ஒத்துக்கல"ன்னு நிறைய பேர் அங்கேயே நிறுத்திடுறாங்க. அப்படி நிறுத்தாம மருத்துவருக்குப் போன் பண்ணுங்க. அளவைக் குறைப்பாரு, இல்ல வேற மருந்து சேர்ப்பாரு.

இவற்றில் பெரும்பாலானவை மருந்தை நிறுத்தியதும் சரியாகிவிடும். உதட்டுக்குக் களிம்பு, முகத்துக்கு எண்ணெய்ப் பசை இல்லாத ஈரப்பதக் க்ரீம், வெளியே போனால் சன்ஸ்க்ரீன். மாத்திரையைச் சாப்பாட்டோடு எடுத்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். கல்லீரல், கொழுப்பு அளவுகளுக்கான ரத்தப் பரிசோதனையைத் தொடங்கும் முன்பும், இடையிலும் மருத்துவர் எழுதித்தருவார். "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு டெஸ்ட்"னு தள்ளிப் போடாதீங்க. வைட்டமின் 'ஏ' மாத்திரைகளையோ, டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக்குகளையோ இதோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது. பருவுக்கே கொடுக்கும் டாக்சிசைக்ளினும் அந்த வகைதான். வீட்டில் பழைய அட்டை மிச்சம் இருந்தால் ஜாக்கிரதை.

என் தோழி சாப்பிட்ட பன்னிரண்டு மாத்திரைகள்

இப்ப நான் உண்மையிலேயே சொல்ல வந்ததுக்கு வர்றேன்.

திண்டிவனம் பக்கம் என் தோழி ஒருத்திக்குத் தை மாசம் கல்யாணம்னு முடிவாச்சு. முகத்துல பரு. போட்டோ ஷூட், நலங்கு, ரிசப்ஷன்னு வரிசையா இருக்கு. அவளோட பெரியம்மா பொண்ணு, "நான் சாப்பிட்டது மிச்சம் இருக்கு, எனக்கு மூணே மாசத்துல போயிடுச்சு"ன்னு அட்டையைக் கையில குடுத்துட்டாங்க. பாசத்தோடதான் குடுத்தாங்க. அவளும் கார்த்திகையில ஆரம்பிச்சா. எங்கிட்ட அந்த அட்டையைக் காட்டினப்ப பன்னிரண்டு மாத்திரை காலி. அட்டையோட ஓரத்துல சிவப்புக் கோடு. அதுக்குப் பக்கத்துல கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாதுன்னு எச்சரிக்கை. ஆங்கிலத்துல, ரொம்பப் பொடி எழுத்துல இருந்ததால அவ படிக்கவே இல்ல.

அடுத்த நாளே தோல் மருத்துவர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். டாக்டரம்மா திட்டல. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இது யாருக்கு எழுதினதும்மா?"ன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. அவ தலையைக் குனிஞ்சு, "அக்காவுக்கு மேடம்"னா.

கர்ப்பமாக இருக்கும்போது இந்த மருந்து உடம்பில் இருந்தால், சில நாள்கள் மட்டுமே சாப்பிட்டிருந்தாலும், குழந்தையின் மூளை, இதயம், காது, முக அமைப்பில் கடுமையான குறைபாடுகள் வரலாம். கரு கலையவும் கூடும். அதனால் பெண்களுக்கு மருந்து தொடங்க ஒரு மாதம் முன்பிருந்து, சாப்பிடும் காலம் முழுவதும், கடைசி மாத்திரைக்குப் பிறகு ஒரு மாதம் வரை கர்ப்பம் உண்டாகவே கூடாது. அமெரிக்காவில் 2006 முதல் 'ஐ-ப்ளெட்ஜ்' என்ற பதிவுத் திட்டத்தில் சேராமல் யாரும் இதைப் பெற முடியாது. நம் நாட்டில் தோல் மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அதாவது, நமக்கான காவல் அந்தச் சீட்டுத்தான்.

சீட்டு எழுதும் முன்பு மருத்துவர் கேட்கும் கேள்விகளை யோசிச்சுப் பாருங்க. கல்யாணம் ஆச்சா, ஆகப்போகுதா? மாதவிடாய் கடைசியா எப்ப வந்தது? வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க? கல்லீரல்ல பிரச்சினை உண்டா? மனசு எப்படி இருக்கு? அட்டை கைமாறும்போது இந்தக் கேள்வி ஒண்ணுகூட அதோட கூட வர்றதில்ல. அக்காவுக்குச் சரியா இருந்த பதில்கள் தங்கச்சிக்குச் சரியா இருக்கணும்னு அவசியமும் இல்ல.

என் தோழி அன்னைக்கே நிறுத்தினா. கடைசி மாத்திரைல இருந்து ஒரு மாசம் கணக்குப் பார்த்து, கல்யாணத்துக்கு நாள் இருக்குன்னு டாக்டரம்மா தைரியம் சொன்னாங்க. தடவுற மருந்து மட்டும் எழுதினாங்க. மாப்பிள்ளைகிட்டயும் விஷயத்தைச் சொல்லிடச் சொன்னாங்க. சொன்னா. கல்யாணப் போட்டோவுல ரெண்டு, மூணு பரு இருக்கு. இப்ப அதைப் பார்த்து அவளே சிரிக்கிறா.

ஒருவேளை மாத்திரை சாப்பிடும்போது நாள் தள்ளிப்போனால், உடனே மாத்திரையை நிறுத்தி, அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். பயந்து மறைப்பதுதான் ஆபத்து.

தம்பிகளே, உங்களுக்கும் ஒண்ணு இருக்கு. கல்லூரியில ரத்ததான முகாம் நடக்கும். இந்த மாத்திரை சாப்பிடும்போதும், நிறுத்தி ஒரு மாதம் வரைக்கும் ஆணோ பெண்ணோ ரத்தம் கொடுக்கக் கூடாது. உங்க ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போய்ச் சேரலாம். முகாம்ல பேர் எழுதும்போதே சொல்லிடுங்க. அது கௌரவக் குறைச்சல் இல்ல.

மனசையும் சொல்லணும்

கடுமையான பரு இருக்கிறவங்களுக்கு அந்தப் பருவாலேயே மனச்சோர்வு வரலாம். கண்ணாடி பார்க்கப் பிடிக்காது, கல்லூரிக்குப் போகப் பிடிக்காது. மருந்து சாப்பிடும்போது தூக்கமின்மை, எரிச்சல், மனத்தளர்ச்சி வந்ததாகச் சொன்னவர்களும் உண்டு. மருந்துதான் காரணமா, பருவா, வேறு எதுவுமா என்பதைக் கண்டுபிடிப்பது மருத்துவரின் வேலை. மாற்றத்தைச் சொல்வது நம் வேலை. உங்க பிள்ளையோ, ரூம் மேட்டோ திடீர்னு பேச்சைக் குறைச்சா, "என்னாச்சு?"ன்னு கேளுங்க. 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே மனநல ஆலோசனை பெறலாம்.

எங்கே போவது? போனில் என்ன செய்வது?

விழுப்புரம், விக்கிரவாண்டி, திண்டிவனம் பக்கம் இருக்கிறவங்களுக்கு முண்டியம்பாக்கத்தில் அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. அங்கே தோல் நோய்ப் பிரிவைக் கேளுங்க. திண்டிவனம் அரசு மருத்துவமனையிலும் விசாரித்து, வழிகாட்டுதல் பெறலாம். புதுச்சேரி ஜிப்மரும் நமக்குப் பக்கம்தான்.

கையில போன் இருக்கு இல்லையா? இதையெல்லாம் செய்யுங்க.

● வாரம் ஒரு முறை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல் முகத்தைப் படம் எடுத்து வையுங்கள். மருந்து வேலை செய்கிறதா என்று மருத்துவருக்கு அதுதான் காட்டும்.

● மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு, இதுவரை போட்ட க்ரீம்கள், மாத்திரைகள் எல்லாவற்றையும் படம் எடுத்து ஒரே ஆல்பத்தில் வையுங்கள்.

● சந்தேகம் வந்தால் 104 மருத்துவ உதவி எண்ணை அழையுங்கள். 'இ-சஞ்சீவனி' மூலம் வீட்டிலிருந்தே அரசு மருத்துவரிடம் ஆலோசனை பெறலாம்.

● மருந்து விலை கட்டுப்படியாகாவிட்டால், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும், மக்கள் மருந்தகங்களிலும் சீட்டைக் காட்டிக் கேளுங்கள். 'ஜன் ஔஷதி சுகம்' செயலியில் மருந்தின் பெயரையும், பக்கத்துக் கடையையும் தேடலாம்.

● எந்த மருந்தாலும் பக்கவிளைவு வந்ததாகத் தோன்றினால், நோயாளியே நேரடியாகத் தெரிவிக்கலாம். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. வேலை நாள்களில் அலுவலக நேரத்தில் அழைக்கலாம். அதற்கான படிவம் தமிழிலும் உண்டு.

● ரீல்ஸ்ல ஒருத்தர் முகம் பளிச்சுன்னு மாறினதைப் பார்த்து ஆன்லைன்ல மாத்திரை தேடாதீங்க. சீட்டு கேட்காமல் தர்ற இடம் உங்களுக்கு உதவி செய்யல.

முடிக்கிறேன். எங்க வீடுகள்ல சேலையைப் பகிர்ந்துக்கிறோம், நகையைப் பகிர்ந்துக்கிறோம், சார்ஜரைக்கூடப் பகிர்ந்துக்கிறோம். நல்ல பழக்கம். மாத்திரையை மட்டும் பகிராதீங்க. அக்கா, தங்கச்சிக்குப் பரு இருந்தா, மிச்சம் இருக்கிற அட்டையைக் குடுக்கிறதுக்குப் பதிலா, ஒரு நாள் லீவு போட்டு மருத்துவர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

என் கன்னத்துல இன்னும் ரெண்டு தழும்பு இருக்கு. இப்பல்லாம் ஜன்னலோர சீட்டு கிடைச்சா துப்பட்டாவை எடுத்துட்டுத்தான் உட்காருறேன்.