நூல் அறுந்ததா, ரப்பர் கீறியதா?



சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பாலுசெட்டிசத்திரம் அருகே திரும்பினால் திருப்புட்குழி. ஜடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் செய்த தலம் என்பதால் வெளியூர்க் கார்கள் வந்து போகும் ஊர். உத்திரமேரூர்ப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிகள் ஓடுவதும் இதே காஞ்சிபுரம் மாவட்டத்துச் சாலைகளில்தான். சிதறிக் கிடக்கும் கருங்கல் ஜல்லி, மழைக்குப் பிறகு சர்வீஸ் சாலையில் விழுந்த பள்ளம், சிமென்ட் தடுப்பின் விளிம்பு, இவற்றில் ஒன்று எப்படியும் டயரின் பக்கவாட்டில் ஒரு காயம் போட்டுவிடுகிறது. பஞ்சர் கடையில் 'சைடுவால்' என்று சொல்லும் அந்தப் பகுதியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

"சின்னக் கீறல்தானே, ஓட்டலாமா?" என்று பலரும் கேட்கிறார்கள். காயத்தின் நீளத்தை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. மேலே உள்ள ரப்பர் மட்டும் கீறியிருக்கிறதா, உள்ளே ஓடும் நூல் அறுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கார் டயருக்குள் நூலா என்று சிலர் வியக்கலாம். ரேடியல் டயரின் உடம்பே நூல்தான். பெரும்பாலும் பாலியஸ்டர் இழைகள், ரிம்மில் உட்காரும் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை பக்கம் பக்கமாக ஓடுகின்றன. காஞ்சிபுரத்துத் தறியில் பாவு மட்டும் இழுத்துக் கட்டி, ஊடை பெயரளவுக்கு இருந்தால் எப்படியோ, அப்படி. காற்றழுத்தத்தைத் தாங்குவது அந்த இழைகள். தரையில் படும் பகுதிக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டைகள் காவலுக்கு உண்டு. பக்கவாட்டில் அந்தக் காவல் கிடையாது. சில மில்லிமீட்டர் ரப்பர், அதற்குப் பின்னால் ஓரிரு அடுக்கு நூல், அவ்வளவுதான். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் நடுத்தரக் காரின் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 700 தடவை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பக்கவாட்டு ஒருமுறை மடங்கி நிமிர்கிறது.

இனிக் காயத்துக்கு வருவோம். முதலில் பயப்பட வேண்டியது வீக்கம். பக்கவாட்டில் கொப்புளம் போலப் புடைத்திருந்தால் அந்த டயரின் ஆயுள் முடிந்துவிட்டது. பள்ளத்தின் விளிம்பில் வேகமாக மோதும்போது, ரிம்முக்கும் விளிம்புக்கும் நடுவே பக்கவாட்டு நசுங்கி, உள்ளே இழைகள் அறுகின்றன. வெளி ரப்பரில் கீறல்கூட இருக்காது. நூல் இல்லாத இடத்தில் காற்று ரப்பரை வெளியே தள்ளுகிறது, அதுதான் வீக்கம். மோதிய அன்றே தெரிய வேண்டுமென்பதில்லை, சில வாரம் கழித்தும் எழும்பும். காற்று குறைவாக இருந்தால் இது எளிதில் நடக்கும். பக்கவாட்டு குட்டையான டயர்களிலும் அப்படியே. டயரில் 185/65 R15 என்று எழுதியிருந்தால், அகலத்தில் 65 சதவீதம் பக்கவாட்டின் உயரம் என்று பொருள். அந்த நடு எண் குறையக் குறைய, பள்ளம் நேராக ரிம்மைத் தேடிவரும்.

இதற்கு நேர் எதிரானது பள்ளம் விழுந்தது போன்ற கோடு. ரிம் பக்கமிருந்து மேல் நோக்கி, உள்வாங்கிய தடம் ஒன்று சில டயர்களில் தெரியும். நூல் அடுக்கின் இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒட்டிய இடம் அது. அங்கே இழை இரட்டிப்பாக இருப்பதால் மற்ற இடத்தைவிடக் குறைவாக விரிகிறது. அதைக் கண்டு புது டயரை வீணாகக் கழற்றுகிறவர்கள் உண்டு. வெளியே புடைத்தால் ஆபத்து, உள்ளே லேசாக வாங்கினால் பொதுவாகக் கெடுதலில்லை.

கீறலுக்கு வந்தால், முதலில் கழுவித் துடையுங்கள். இரண்டு கட்டை விரல்களால் மெதுவாக விரித்துப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்கக் கூடாது. அடியில் ரப்பரே தெரிந்தால், நடைபாதையில் உரசிய தேய்மானம் மாதிரிதான், கவனித்துக்கொண்டே ஓட்டலாம். நூல் தெரிந்தால் அன்றைக்கே டயரை மாற்றுங்கள். இது என் சொந்தக் கருத்து மட்டுமல்ல. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 94ஆம் விதி, வெட்டினாலோ தேய்மானத்தாலோ உள் நூல் வெளிப்பட்ட டயரை நல்ல நிலையில் இருப்பதாகவே ஏற்பதில்லை. கீறலின் அடி கண்ணுக்கு எட்டாவிட்டால், ரிம்மிலிருந்து கழற்றி உள்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே வட்டமாகக் கறுப்பு மடிப்பும் ரப்பர்த் தூளும் இருந்தால், காற்றில்லாமல் ஓட்டப்பட்ட டயர் என்று அர்த்தம். வெளியே அழகாக இருந்தாலும் அதற்குள் பலம் இல்லை.

பக்கவாட்டுக்குப் பஞ்சர் போடுவது கிடையாது. தரையில் படும் பகுதியில் ஆணி ஏறினால் உள்பக்கம் பேட்ச் வைத்துச் சரி செய்யலாம். ஓயாமல் மடங்கும் இடத்தில் பேட்சும் நிற்காது, ஓட்டையில் திணிக்கும் கயிறும் நிற்காது. "காத்தைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காற்று குறைந்தால் மடிப்பு கூடும், சூடு ஏறும், அக்னி நட்சத்திர வெயிலில் நூல் இன்னும் சீக்கிரம் அறும். "பின் சக்கரத்துக்கு மாத்திக்கலாம்" என்பதும் தவறு. பின்சக்கரம் வெடித்தால் கார் சுழன்றுவிடக்கூடும். முன்சக்கரம் வெடித்தாலாவது ஸ்டீயரிங்கில் கை உணரும். எது வெடித்தாலும் பிரேக்கை அழுத்தி மிதிக்காமல், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள்.

உட்பக்கச் சைடுவாலை யாரும் பார்ப்பதில்லை. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து வைத்து, கைபேசி விளக்கில் முன்சக்கரங்களின் உட்புறத்தைப் பாருங்கள். பின்சக்கரங்களை, சர்வீஸுக்கு லிஃப்டில் ஏற்றும்போது கூடவே நின்று பாருங்கள். ஸ்டெப்னியையும் விட்டுவிடாதீர்கள்.

நம் வட்டாரத்தில், ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலும் அரக்கோணத்திலும் டயர் ஆலைகள் இருக்கின்றன. ஆனாலும் புது டயர் விலை ஒரு குடும்பத்துக்குச் சுமைதான், அதனால்தான் பழைய டயர் கடைகளில் கூட்டம். அங்கே வாங்குகிறவர்கள், பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படிக்க வேண்டும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் தயாரானது. உள்பக்கத்தையும் விரலால் தடவிப் பாருங்கள்.

வீங்கிய டயரைக் கழற்றும்போது கடைக்காரரிடம் ஒரு வேலை சொல்லுங்கள்: "அண்ணே, நம்ம கண் முன்னாடியே சைடுல அறுத்துடுங்க." பழைய டயருக்குக் கிடைக்கும் சில நூறு ரூபாய் போகட்டும். அறுக்காவிட்டால் காற்றை இறக்கி வீக்கத்தை மறைத்து, அதே டயர் நாளை ஒரு மினி வேனிலோ பள்ளிக்கூட வண்டியிலோ மாட்டப்படலாம். அறுத்த டயரை யாரும் மாட்ட முடியாது.