பாட்டிலைச் சுடாத வேட்டைக்காரன்

சுற்றுச்சூழல் பற்றிய திரைப்படங்கள் என்று பேச்செடுத்தாலே பலருக்குக் கொட்டாவி வந்துவிடும். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பச்சைப் பசேல் என்று ஒரு மலை, பின்னால் ஒரு புல்லாங்குழல், அப்புறம் ஒரு பெரியவர் வந்து மரத்தை வெட்டாதீர்கள் என்று நமக்கு வகுப்பு எடுப்பார். இந்த ரகத்தை நாம் நிறையப் பார்த்தாயிற்று. இன்றைக்கு நான் எடுத்துக்கொள்வது, பார்த்து வருஷங்கள் ஆன பிறகும் மனசை விட்டுப் போகாத சில கதைப்படங்களை. அவை ஏன் போகவில்லை என்று யோசித்தால், எனக்குத் தோன்றுகிற காரணம் ஒன்றுதான். அந்தப் படங்களில் மனிதர்கள் இயற்கையைப் பற்றிப் பேசுவதைவிட அதனோடு வேலை செய்வது அதிகம். வாயைப் பார்க்காமல் கையைப் பார்க்க வேண்டிய படங்கள்.

முதலில் அகிரா குரோசவாவின் 'தெர்சு உசாலா'. 1975-இல் வந்தது. ஜப்பானிய இயக்குநர், ஆனால் படம் ரஷ்ய மொழியில். எடுத்தது சோவியத் நாட்டு மோஸ்ஃபிலிம் நிறுவனத்தோடு சேர்ந்து. அதற்கு முந்தைய சில ஆண்டுகள் குரோசவாவுக்குப் பொல்லாத காலம். 1970-இல் எடுத்த படம் ஓடவில்லை, அடுத்த ஆண்டு தன் உயிரையே மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார். அப்படி ஒடிந்துபோயிருந்தவரை மாஸ்கோ அழைத்தது. அவர் எடுத்துக்கொண்ட கதை, விளாதிமிர் ஆர்செனியெவ் என்ற ராணுவ நில அளவையாளர் எழுதிய அனுபவக் குறிப்பு. ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் உசூரி என்ற காட்டுப் பிரதேசம். அதை அளந்து வரைபடம் போட 1902-இல் சிப்பாய்களோடு போகிறார் ஆர்செனியெவ். ஒரு ராத்திரி அவர்களுடைய நெருப்பைத் தேடி வந்து உட்காருகிறார் தெர்சு. நானாய் என்ற பழங்குடியைச் சேர்ந்த வேட்டைக்காரர். குட்டையான உருவம், வளைந்த கால், வாயில் ஒரு சுங்கான். மனைவி, பிள்ளைகளை அம்மைக்குக் கொடுத்துவிட்டுத் தனியாகத் திரிகிறவர். மறுநாளிலிருந்து அவர்தான் வழிகாட்டி.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். சிப்பாய்கள் ஒரு காலி பாட்டிலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, அதை ஆட்டிவிட்டுக் குறிபார்த்துச் சுடுகிறார்கள். ஒருத்தன் குண்டும் படவில்லை. தெர்சுவையும் கூப்பிடுகிறார்கள். பாட்டிலை ஏன் உடைக்க வேண்டும், இந்தக் காட்டில் இன்னொரு பாட்டிலுக்கு எங்கே போவது என்று கேட்கிறார் அவர். கயிற்றைச் சுடுகிறேன், அறுந்தால் பாட்டில் எனக்கு என்கிறார். சுடுகிறார், கயிறு அறுந்து விழுகிறது, பாட்டிலை எடுத்துக்கொண்டு போகிறார். அவ்வளவுதான். சிக்கனம் பற்றியோ குப்பை பற்றியோ ஒரு வார்த்தை கிடையாது. துப்பாக்கித் திறமையைக் காட்டுகிற காட்சி என்றுதான் முதலில் நினைப்போம்.

இன்னொன்று. வழியில் ஒரு பாழடைந்த குடிசை. ராத்திரி தங்கிவிட்டுக் கிளம்பும்போது தெர்சு அதன் கூரையைச் செப்பனிடுகிறார். கொஞ்சம் அரிசி, உப்பு, தீக்குச்சி கொடுங்கள், இங்கே வைத்துவிட்டுப் போகலாம் என்கிறார். திரும்பி வரப்போகிறீர்களா என்று கேட்டால், இல்லை, யாராவது வருவார்கள், அவர்களுக்குப் பசிக்கும் என்கிறார். யாரென்றே தெரியாத ஒருவருக்காக உப்பு வைத்துவிட்டுப் போவது எத்தனை பெரிய விஷயம் என்று கேப்டன் ஆர்செனியெவுக்கு அப்போதுதான் உறைக்கிறது. தெர்சுவைப் பார்த்துச் சிரிக்கிற சிப்பாய்கள் அதை நிறுத்துவதற்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகிறது.

படத்தின் உச்சம் ஹன்கா ஏரி. உறைந்துபோன ஏரிக்கு நடுவில் கேப்டனும் தெர்சுவும் வழி தவறிவிடுகிறார்கள். வந்த தடத்தைக் காற்று அழித்துவிட்டது. பொழுது சாய்கிறது, பனிக்காற்று. நாணல் அறு, சீக்கிரம் அறு என்று தெர்சு கத்துகிறார். இருவரும் அறுக்கிறார்கள், அறுக்கிறார்கள். குரோசவா அவசரப்படவே இல்லை. காற்றின் இரைச்சலும் மூச்சு வாங்கும் சத்தமுமாக விட்டுவிடுகிறார். நமக்குக் கை வலிக்கத் தொடங்குகிறது. கேப்டன் மயங்கி விழுகிறார். அப்போது தெர்சு, நிலம் அளக்கிற கருவியின் மூன்று கால் தாங்கியை நட்டு, கயிற்றால் சுற்றி, அதன்மேல் நாணலைப் போர்த்தி ஒரு கூடு கட்டுகிறார். விடிந்ததும் அந்தக் கூட்டுக்குள்ளிருந்து இருவரும் உயிரோடு வெளியே வருகிறார்கள்.

அந்தத் தாங்கியைக் கொஞ்சம் கவனியுங்கள். அதை வைத்துப் போட்ட வரைபடத்தைப் பின்பற்றித்தான் ஊர்கள் வந்தன, ரோடு வந்தது. படம் தொடங்குவதே 1910-இல், தெர்சுவைப் புதைத்த இடத்தைக் கேப்டன் தேடி வருவதில். அடையாளத்துக்கு இருந்த பெரிய மரங்களை வெட்டி அங்கே குடியிருப்பு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தன் நண்பனின் காட்டை அழிப்பதில் தன் பென்சிலுக்கும் பங்கு உண்டு என்று கேப்டன் எங்கேயும் சொல்வதில்லை. நாமே கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். பார்வை மங்கிய தெர்சுவைக் கேப்டன் ஹபரோவ்ஸ்க் நகரத்தில் தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறார். அங்கே தண்ணீருக்குக் காசு வாங்குகிறவனைப் பார்த்து அவர் கொதித்துப்போவதும், பூங்காவில் விறகு வெட்டி மாட்டிக்கொள்வதும் நமக்குச் சிரிப்பும் வருத்தமுமாக இருக்கும். இந்தப் படத்துக்கு அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது.

தண்ணீருக்குக் காசு என்றதும் நம்முடைய 'தண்ணீர் தண்ணீர்' நினைவுக்கு வராமல் இருக்காது. கோமல் சுவாமிநாதனின் நாடகம், கே. பாலசந்தர் 1981-இல் படமாக்கினார். தென்மாவட்டத்து வறண்ட கிராமம். போலீஸ் தேடுகிற கொலைக் குற்றவாளி வெள்ளைச்சாமி அங்கே வந்து ஒதுங்குகிறான். தொலைவிலிருந்து மாட்டுவண்டியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறான். அவன் யார் என்று தெரிந்த பிறகும் ஊர் அவனைப் பொத்திப் பாதுகாக்கிறது. தண்ணீர் கொண்டுவருகிறவனிடம் போய் நீதி நியாயம் பார்க்க அந்த ஊருக்கு வசதி இல்லை. பிறகு ஜனங்களே சேர்ந்து கால்வாய் வெட்டக் கிளம்புகிறார்கள், அதை அரசாங்கம் தடுக்கிறது. கையைப் பாருங்கள் என்று இவ்வளவு நேரம் சொன்னேன். இந்தப் படம் என் பேச்சைக் கேட்காது. மேடையிலிருந்து வந்த படம், ஆளாளுக்குப் பேசுகிறார்கள். ஆனால் அந்தப் பேச்சில் பாடம் இல்லை. குத்தல், நையாண்டி, ஊர்ப் பொரணி. அதனால்தான் நாற்பது வருஷம் தாண்டியும் காதில் நிற்கிறது. செவந்தியாக நடித்த சரிதாவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தண்ணீருக்காகப் பேசிய பெரிய நடிகர் படம் 2014-இல் வந்த 'கத்தி'. பத்திரிகைக்காரர்கள் முன்னால் கதாநாயகன் பேசும் நீண்ட பேச்சுக்குத் தியேட்டரில் விசில் பறந்தது. எனக்கு அந்தப் பேச்சில் பாதி மறந்துவிட்டது. நகரத்துக்குத் தண்ணீர் போகிற ராட்சதக் குழாய்க்குள் கிழவர்கள் போய் உட்கார்ந்துகொண்டது மட்டும் மறக்கவில்லை.

அடுத்து, லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை'. 2018. இதைச் சுற்றுச்சூழல் படம் என்று எந்தச் சுவரொட்டியும் சொல்லவில்லை. தேனிப் பக்கத்து ரெங்கசாமி, மலைக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்குச் சாமான் சுமந்து போகிறவன், ஏலக்காய் மூட்டையோடு இறங்கி வருகிறவன். அடிவாரத்தில் கொஞ்சம் நிலம் வாங்க வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. படத்தில் பாதி நேரம் நடைதான். தேனி ஈஸ்வரின் கேமரா அழகான இடம் என்று எதையும் நின்று காட்டாது. சுமைகாரன் எங்கே மூச்சு வாங்க நிற்பானோ அங்கேதான் அதுவும் நிற்கும். அதனால் மலை நமக்குக் காட்சியாக இல்லாமல் முழங்கால் வலியாகத் தெரிகிறது. சேர்த்த காசையெல்லாம் போட்ட ஏலக்காய் மூட்டை பள்ளத்தில் விழுந்து சிதறும்போது, நிலமும் கூடவே போய்விட்டது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

கடைசியில் ஒரு வழியாக அவன் கைக்கு வந்த நிலமும் கைநழுவிப் போகிறது. அங்கே காற்றாலை முளைக்கிறது. ரெங்கசாமி அதே மண்ணில் சீருடை போட்டுக் காவலாளியாக உட்கார்ந்திருக்கிறான். கேமரா மேலே எழும்ப எழும்ப, சுற்றிலும் எத்தனை காற்றாலைகள் என்று தெரிகிறது. காற்றாலை புகை கக்காது, அது நல்ல பிள்ளை என்றே நாம் கேட்டு வளர்ந்தவர்கள். அந்த நல்ல பிள்ளை யாருடைய நிலத்தில் நிற்கிறது என்ற கேள்வியைத் தமிழில் இவ்வளவு நேராக வேறு எந்தக் கதைப்படமும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நிலத்தைத் திருப்பிக் கொடு என்று ஒரு கோஷம்கூட அந்த இடத்தில் இல்லை.

அடுத்தது ஹயாவோ மியாசாகியின் 'இளவரசி மோனோநோகே', 1997-இல் ஜப்பானில் வந்த அனிமேஷன் படம். காட்டை வெட்டி இரும்பு உருக்குகிற ஊரின் தலைவி எபோஷி. உடம்பில் இரும்புக் குண்டு தைத்து வெறி பிடித்த காட்டுப்பன்றி ஒன்று எங்கோ தூரத்தில் ஒரு கிராமத்தைத் தாக்குகிறது. அதைக் கொன்று சாபத்தை வாங்கிக்கொண்ட இளைஞன், குண்டு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் எபோஷியின் ஊர். வில்லி வந்துவிட்டாள் என்று நாம் நிமிர்ந்து உட்காருகிறோம். அவளோ, விபசார விடுதிகளில் விற்கப்பட்ட பெண்களை மீட்டு உலைத்துருத்தி மிதிக்கிற வேலை கொடுத்தவள். ஊர் ஒதுக்கிய தொழுநோயாளிகளின் புண்ணைத் தன் கையால் கழுவி, துப்பாக்கி செய்யக் கற்றுக்கொடுத்தவள். அந்தத் துப்பாக்கிதான் காட்டைச் சுடுகிறது. இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகச் சொல்லி நழுவுகிற சாமர்த்தியம் இதில் இல்லை. காடு அழிவது அழிவுதான். ஆனால் அழிக்கிறவளை நம்மால் வெறுக்க முடியவில்லை. வில்லனுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிடும் நம் இயக்குநர்கள் இந்த ஒரு பெண்ணுக்காகவாவது இந்தப் படத்தைப் பார்க்கலாம்.

கடைசியாக மறுபடி தமிழ்ப் படம். மணிகண்டனின் 'கடைசி விவசாயி' 2022-இல் வந்தது. குலதெய்வத்துக்குப் புது நெல் வேண்டும், ஊரில் விவசாயம் பார்க்கிறவர் மாயாண்டித் தாத்தா ஒருவர்தான். வயலோரம் செத்துக் கிடந்த மயில்களைப் பாவமென்று புதைக்கிறார். தேசியப் பறவையைக் கொன்றதாக வழக்கு வருகிறது. ரிமாண்டில் இருந்தாலும் அவர் நினைப்பெல்லாம் நாற்றுக்குத் தண்ணீர் யார் விடுவது என்பதில்தான். நீதிபதி ஒரு போலீஸ்காரரை வயலுக்கு அனுப்புகிறார். சீருடையோடு ஒருவர் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்கும்போது, இந்த வேலை தெரிந்தவர்கள் ஊரில் இல்லை என்பது சுருக்கென்று தைக்கும். தாத்தாவாக நடித்த நல்லாண்டி நிஜமாகவே விவசாயி. படம் வெளிவருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். அவர் மண்வெட்டி பிடிக்கிற பிடியை எந்த நடிப்புப் பள்ளியிலும் கற்றுக்கொடுக்க முடியாது.

எதை முதலில் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு: வீட்டில் பெரியவர்கள் இருந்தால் 'கடைசி விவசாயி'யிலிருந்து தொடங்குங்கள், அவர்கள் படத்தை நிறுத்தி நிறுத்தித் தங்கள் கதையைச் சொல்வார்கள். 'மோனோநோகே' கார்ட்டூன்தானே என்று சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்துவிடாதீர்கள்; அம்பு பட்டுக் கையும் தலையும் பறக்கும். 'தெர்சு உசாலா' 70 எம்.எம். திரைக்காக எடுத்தது. முதல் அரைமணி நேரம் மெதுவாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் மட்டும் வேண்டாம். கிடைக்கிற பெரிய திரையில், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துப் பாருங்கள்.