சட்டையும் ரவிக்கையும்: திருநங்கையாக அறியப்படும் முன் நாங்கள் உடுத்தியவை



மறைந்த தோழரின் நினைவாக நடக்கும் இந்தச் சொற்பொழிவில் நிலம், கல்வி, ஆணவக்கொலை பற்றிப் பேசுவதுதான் வழக்கம். இந்த ஆண்டு துணியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இது சின்ன விஷயம் அல்ல என்பது நம் வரலாறு தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

முதலில் ஒரு விளக்கம். இந்த உரையில் ‘நாங்கள்’ என்று வரும் இடங்கள் தலித் திருநங்கைகளைக் குறிக்கும். ‘நாம்’ என்று வரும் இடங்கள் இந்த அரங்கில் இருக்கும் எல்லோரையும் சேர்த்துக்கொண்டவை.

எங்களைப் பேட்டி காண வருபவர்கள் தவறாமல் ஒன்று கேட்பார்கள். “மாறுவதற்கு முன்னால் எடுத்த போட்டோ இருக்கிறதா?” பேன்ட் சட்டையில் ஒரு படம், பட்டுச் சேலையில் ஒரு படம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் செய்தி முடிந்துவிடும். முதல் படத்தில் இருப்பவர் நிஜமான ஆண், இரண்டாவது படத்தில் இருப்பவர் அலங்கரித்துக்கொண்ட ஆள் என்று வாசகர் புரிந்துகொள்வார். அந்த முதல் படத்தில் இருக்கும் சட்டையை எங்களுக்கு யார் போட்டுவிட்டார்கள், ஏன் போட்டுவிட்டார்கள், அதற்குள் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யாரும் கேட்பதில்லை.

ஐந்து, ஆறு வயதில் எங்களில் பலர் செய்த முதல் காரியம், ஒரு துண்டை எடுத்துத் தலையில் போட்டுச் சடையாகத் தொங்கவிட்டதுதான். அடுத்தது அக்காவின் பாவாடை. ரேவதியின் ‘வெள்ளை மொழி’ நூலிலும் லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’ நூலிலும் சகோதரிகளின் உடையை எடுத்து உடுத்திய சிறுவயது வருகிறது. வெவ்வேறு ஊர், வெவ்வேறு குடும்பம், ஆனால் தொடக்கம் ஒன்றுதான்.

ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தப் பாவாடை ஒரே மாதிரி கிடைப்பதில்லை. பிற நாடுகளிலிருந்து வரும் திருநர் தன்வரலாறுகளில் ஒரு காட்சியை அடிக்கடி பார்க்கிறோம். அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஆளுயரக் கண்ணாடி முன் நின்று, அம்மாவின் அலமாரியிலிருந்து எடுத்ததை உடுத்திப் பார்ப்பது. காலனி வீட்டில் தாழிட அறை ஏது? ஒரே அறை, அதில் சமையல், படுக்கை, துணிக்கொடி எல்லாம். கண்ணாடி என்றால் ஆணியில் மாட்டிய, ரசம் போன கைக்கண்ணாடி. முகத்தில் பாதிதான் தெரியும். அம்மாவுக்கு இருப்பதே மூன்று நான்கு சேலை. அதில் ஒன்று கொடியில் இல்லையென்றால் அந்த நிமிடமே தெரிந்துவிடும்.

அதனால் நாங்கள் ஒளித்து உடுத்தக் கற்றுக்கொள்ளவில்லை. எல்லோரும் பார்க்கும்படி இருப்பதை வைத்தே உடுத்தக் கற்றுக்கொண்டோம். குளிக்கும்போது லுங்கியை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டோம். சட்டையின் கீழ் நுனிகளை முடிச்சுப் போட்டு இடுப்பில் இறுக்கினோம். தோளில் கிடக்கும் துண்டை மாராப்பாக இழுத்துவிட்டுக்கொண்டோம். ஒரு கையில் மட்டும் மருதாணி வைத்துக்கொண்டு, “தங்கச்சி வச்சுவிட்டா” என்று சொன்னோம். விரல் நகத்துப் பாலிஷைப் பள்ளிக்கூடம் போகும் வழியில் பிளேடால் சுரண்டினோம். ஆண் உடையின் இடைவெளிகளில் பெண்ணாக உடுத்துவது என்று இதைச் சொல்லலாம். அந்த முதல் போட்டோவில் தெரிவது இதுதான், பார்க்கத் தெரிந்தவர்களுக்கு.

இதற்காக வீட்டில் அடி விழுந்தது. அதை வெறும் “நாலு பேர் என்ன சொல்வார்கள்” என்ற பயமாக மட்டும் பார்த்தால் தலித் வீட்டை நாம் புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம். அப்பாவின் கோபத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஜே.எச். ஹட்டன் சாதி பற்றிய தன் நூலில் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக் கூடாது. கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூவோ மஞ்சளோ சூடிப் பூசக் கூடாது. ஆண்கள் குடை பிடிக்கவோ செருப்பு போடவோ கூடாது. அடுத்த ஆண்டு இந்தப் பட்டியல் இன்னும் நீண்டது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன.

இந்தப் பட்டியலை மறுபடி கவனியுங்கள். எட்டில் பெரும்பகுதி உடையும் அலங்காரமும்தான். அதிலும் ஆண்கள் இன்னது கூடாது, பெண்கள் இன்னது கூடாது என்று பிரித்துப் பிரித்துச் சொல்கிறது. சாதி நம் உடம்பைத் தாழ்த்தும்போது பொதுவாகத் தாழ்த்தவில்லை. ஆணுக்கு ஆணாக உடுத்தும் தகுதியை மறுத்தது. பெண்ணுக்குப் பெண்ணாக உடுத்தும் தகுதியை மறுத்தது. சாதிச் சட்டமும் பாலினச் சட்டமும் ஒரே துணியில்தான் எழுதப்பட்டிருந்தன.

இதை உணர்ந்துதான் பாபாசாகேப் 1927 டிசம்பரில் மகாடில் கூடிய பெண்களிடம் உடையைப் பற்றித் தனியாகப் பேசினார். சேலை கட்டும் விதமும் கையில் காலில் குவிந்த கனத்த வெள்ளி நகைகளும் தீண்டாமையின் அடையாளங்களாக இருக்கின்றன, அவற்றைக் கைவிடுங்கள், மற்றப் பெண்கள் கட்டுவதுபோலச் சேலை கட்டுங்கள் என்றார். அவரது கோட்டும் சூட்டும் சிலையாகத் தெருமுனைகளில் நிற்பதன் அர்த்தமும் நமக்குத் தெரியும்.

ஆகவே நம் அப்பாக்களின் உடம்பில் இருக்கும் சட்டை கடையில் வாங்கிய துணி மட்டும் அல்ல, வென்று எடுத்தது. கிராப்பும் அப்படித்தான். மகன் சட்டையைக் கழற்றிப்போட்டுத் துண்டை மாராப்பாகப் போடும்போது, தாத்தா அடிவாங்கிப் பெற்றதைப் பேரன் தூக்கி எறிகிறான் என்று அந்த வீடு பதறுகிறது. கிராப்பு வெட்ட மறுத்து முடி வளர்த்தால், மறுபடி நம்மைக் கேவலப்படுத்தப் பார்க்கிறாயா என்று கேட்கிறது. இந்தப் பதற்றத்தை நாங்கள் அலட்சியப்படுத்தவில்லை. எங்கள் முதுகில் விழுந்த அடிக்கு அது நியாயமும் ஆகாது.

ஏனென்றால் அந்தப் பட்டியலில் அப்பாவின் வரிகள் மட்டும் இல்லை, அம்மாவின் வரிகளும் இருக்கின்றன. அப்பா வென்றது சட்டை என்றால் அம்மா வென்றது ரவிக்கை, தாவணி, பூ, மஞ்சள். நாங்கள் எதையும் தூக்கி எறியவில்லை. அப்பாவின் வெற்றியில் தரப்பட்ட பங்குக்குப் பதிலாக அம்மாவின் வெற்றியில் பங்கு கேட்டோம். நம் வீட்டில் இரண்டும் ஒரே மதிப்புடையவை என்றால், எங்களை அடித்திருக்க வேண்டியதில்லை. அடித்தார்கள் என்றால், அப்பாவின் வெற்றி பெரிது, அம்மாவின் வெற்றி சிறிது என்று நாமே ஒரு படிநிலையை வைத்திருக்கிறோம் என்று பொருள். அம்பேத்கரியர்கள் முகம்கொடுக்க வேண்டிய கேள்வி இது.

வீட்டுக்கு வெளியே பள்ளிக்கூடம். ஆண் பிள்ளைக்கு டவுசர், சட்டை, ஒட்ட வெட்டிய முடி. விடுதியில் இருந்தவர்களுக்கு ஒரு தகரப்பெட்டியும் பலர் சேர்ந்து படுக்கும் கூடமும். பெட்டிக்குள் ஒரு ரப்பர் பேண்டோ பொட்டு அட்டையோ கண்டுபிடிக்கப்பட்டால் போதும், அதன்பின் அங்கே இருக்க முடியாது. எங்களில் பலர் படிப்பை நிறுத்திய இடம் இதுதான். மதிப்பெண் குறைந்து நிறுத்தவில்லை, துணிக்காக நிறுத்தினோம்.

சேலையை வெளிப்படையாகக் கட்ட ஊர் அனுமதித்த இடங்களும் உண்டு. தெருக்கூத்திலும் நாடகத்திலும் ஸ்திரீபார்ட் கட்டலாம். குலசேகரன்பட்டினம் தசராவில் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு ஆண்கள் காளியாக, குறத்தியாக வேடம் போட்டு ஊர் ஊராகக் காணிக்கை வாங்கலாம். சித்திரையில் கூவாகம் கூத்தாண்டவர் கோயிலுக்குப் பையில் சேலையோடு பேன்ட் சட்டையில் வருபவர்கள், விழுப்புரத்து விடுதி அறைகளில் உடை மாற்றிக்கொண்டு தாலி கட்டிக்கொள்வார்கள். மறுநாள் தாலி அறுத்து வெள்ளைச் சேலை கட்டி, அதையும் மடித்துப் பையில் வைத்துவிட்டு, மறுபடி பேன்ட் சட்டையில் பேருந்து ஏறுவார்கள். சாமிக்காகக் கட்டினால் பக்தி, மேடைக்காகக் கட்டினால் கலை, தனக்காகக் கட்டினால் அசிங்கம். ஊரின் கணக்கு அவ்வளவுதான். சேலையை வேடம் என்று ஊர் சொன்னது. எங்களுக்கு மறுநாள் காலைப் பேன்ட் சட்டைதான் வேடமாக இருந்தது.

எங்கள் ஜமாத் பேச்சில் பெண் உடைக்குச் ‘சாட்லா’ என்று பெயர். சாட்லா கட்டிவிட்டவர், இன்னும் கட்டாதவர் என்று எங்களுக்குள்ளேயே ஒரு கோடு உண்டு. கட்டாதவர்களில் பலர் குடும்பத்தைத் தாங்குகிறவர்கள். பேன்ட் சட்டையில் இருந்தால்தான் மில்லில் வேலை, வாடகைக்கு அறை, ஊரில் தங்கைக்குக் கல்யாணம். சாட்லா கட்டிய அன்று இவை மூன்றும் போய்விடும், மிச்சம் கடை கேட்பதும் பாலியல் தொழிலும்தான் என்று தெரிந்தவர்கள். முதுகலைப் படிப்பு முடித்த வித்யாவே பூனா ரயில்களில் கைநீட்ட வேண்டியிருந்தது. ஆகவே பேன்ட் சட்டையில் இருப்பவரைக் கோழை என்றோ அரைகுறை என்றோ நாங்களும் சொல்லக் கூடாது. அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளாதவரும், சேலை கட்டாதவரும் தன்னைப் பெண் என்று சொன்னால் பெண்தான்.

சட்டத்தின் கதையையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் முதல் பகுதி பல பழங்குடிகளையும் நாடோடிக் குழுக்களையும் பிறப்பாலேயே குற்றவாளிகள் ஆக்கியது. அதன் இரண்டாம் பகுதி எங்களைப் பற்றியது. வட இந்தியாவில் பதிவேட்டில் ஏற்றப்பட்ட ‘அலிகள்’ பெண் உடையிலோ பெண் நகையிலோ பொதுத்தெருவில் தென்பட்டால் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், 2 ஆண்டுவரை சிறை வைக்கலாம் என்றது. 1919இல் ஹைதராபாத் நிஜாம் அரசும் இதே மாதிரியில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதைத் தெலங்கானா உயர் நீதிமன்றம் ரத்து செய்தது 2023இல்தான். இதற்கிடையில் 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் நால்சா வழக்கில், ஒருவர் தன் பாலினத்தை உடையாலும் சொல்லாலும் நடத்தையாலும் வெளிப்படுத்துவது அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு தரும் கருத்துரிமை என்றது. ஆனால் 2019இல் வந்த திருநர் சட்டம், ஆண் அல்லது பெண் என்று சான்றிதழ் வேண்டுமென்றால் அறுவைச் சிகிச்சையைக் காட்டச் சொன்னது.

தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில் 1859இல் திருவிதாங்கூர் அரசு வெளியிட்ட பிரகடனம் நினைவுக்கு வருகிறது. நாடார் பெண்கள் மேலுடம்பை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் கூடாது என்றது அது. உரிமையைக் கொடுக்கும் கை ஒரு நிபந்தனையையும் சேர்த்தே கொடுக்கிறது. அன்று உடுத்தும் விதத்தைக் காட்டச் சொன்னார்கள், இன்று உடம்பைக் காட்டச் சொல்கிறார்கள்.

முற்போக்குத் தோழர்கள் சிலர் எங்களிடம் கேட்பதுண்டு. “பெண்களையே கிராப்பு வெட்டிக்கொள்ளச் சொன்னார் பெரியார். நீங்கள் ஏன் பூவையும் பொட்டையும் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்?” பெரியார் சொன்னது, கட்டாயமாகச் சுமத்தப்பட்டதைக் கழற்றி எறியச் சொன்னது. பாபாசாகேப் வெள்ளி நகையைக் கழற்றச் சொன்னதும் அதற்காகத்தான். எங்கள்மீது சுமத்தப்பட்டது பூ அல்ல, கிராப்பு. எங்களுக்குக் கட்டாயம் சேலை அல்ல, சட்டை. இரு தலைவர்களின் சொல்லையும் நாங்கள் எங்கள் உடம்பில் நிறைவேற்றியிருக்கிறோம். பூவும் சேலையும் வேண்டாம் என்கிற திருநங்கைகளும் எங்களில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் அந்த உரிமை உண்டு.

கடைசியாக, இந்த அரங்கிடம் மூன்று கோரிக்கைகள். எங்கள் படைப்புகளை வெளியிடும்போது பழைய போட்டோவைக் கேட்காதீர்கள். பேன்ட் சட்டையில் நம் கூட்டத்துக்கு வரும் ஒருவர் தன்னை அக்கா என்றோ தங்கை என்றோ அழைக்கச் சொன்னால், உடையைப் பார்க்காமல் அப்படியே அழையுங்கள். மூன்றாவது வீட்டுக்கானது. உங்கள் பிள்ளை துண்டைச் சடையாகப் போட்டுக்கொண்டு நின்றால் கையை ஓங்க வேண்டாம். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். சட்டை போடும் உரிமைக்காக நாம் பட்ட பாடு, எதை உடுத்துவது என்று நம் உடம்புக்கு வேறு யாரும் சொல்லக் கூடாது என்பதற்காகப் பட்ட பாடு. அதில் எங்களுக்கும் பங்கு உண்டு.