கேட்காமல் விட்ட ஒரு கேள்வி
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



மருத்துவபீடத்தில் நாங்கள் எப்படிப் படிப்பிக்கிறோம் என்று சொல்லும்படி சங்கத்தார் கேட்டார்கள். சொல்வதைவிடச் செய்து காட்டுகிறேன். நீங்களும் பதில் சொல்ல வேண்டும்.

ஒருகொடவத்தையில் கொள்கலன் முற்றமொன்றில் வேலை செய்பவர். வயது 34. மூன்று நாளாகக் காய்ச்சல், தலையிடி, உடம்பு நோ. என்ன வருத்தம்?

(சபையில் பலர்: "டெங்கு!")

மாணவர்களும் அதைத்தான் சொல்வார்கள். "சரி, பிழை" என்று நாங்கள் சொல்வதில்லை. "ஏன்?" என்று கேட்டுவிட்டு அடுத்த தாளைக் கொடுப்போம். கெண்டைக்காலைத் தொட்டாலே நோகிறது. கண்கள் சிவந்திருக்கின்றன. இனி அவரிடம் என்ன கேட்பீர்கள்?

(பின்வரிசையில் ஒருவர்: "வெள்ளத்துக்குள்ள நடந்தவரா?")

அதுதான் கேள்வி! 2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவைப் பக்கம் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். எலியின் சிறுநீர் கலந்த நீரில் நடந்தால், காலிலுள்ள சிறு காயம் வழியாகக் கிருமி உட்புகும். அதுதான் எலிக்காய்ச்சல். நேரத்தோடு மருந்து கொடுத்தால் சுகமாகும். பிந்தினால் சிறுநீரகமும் ஈரலும் பாதிக்கப்படும்.

1900இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் மருத்துவ மாணவராக இருந்த வோல்டர் கனன், தன் அறைத்தோழரான சட்ட மாணவர் வழக்குகளை ஆர்வத்தோடு விவாதிப்பதைக் கண்டு, மருத்துவத்தையும் அப்படிக் கற்பிக்கலாமே என்று எழுதினார். 1969இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம், நோயாளியின் பிரச்சினையிலிருந்தே தொடங்கும் பாடத்திட்டத்தை ஆரம்பித்தது.

கேள்வி நோயாளிக்கு விளங்கும் மொழியிலும் இருக்க வேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த டொக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் இதை உணர்ந்திருந்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, மானிப்பாயில் தமிழிலேயே கற்பித்தார். அவரிடம் பயின்று வைத்தியரானவர்கள் 60 பேருக்கும் மேல். கொழும்பில் எங்கள் மாணவர்களுக்குத் தமிழ், சிங்களம் இரண்டும் வேண்டும்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம்? உள்ளகப் பயிற்சிக் காலத்தில் இப்படியொரு நோயாளியை நான் பார்த்தேன். இரத்த அறிக்கையைக் கவனமாக வாசித்தேன். என்ன வேலை செய்கிறார் என்று கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்துத் தாதி அக்கா ஒருவர்தான் கேட்டார். "தண்ணிக்குள்ள நடக்காம எப்படி மிஸ் வீட்ட போறது?" என்றார் அவர். அதற்குள் சிறுநீரகம் பழுதாகி, இரத்தச் சுத்திகரிப்புச் செய்ய வேண்டியதாயிற்று. பிழைத்துக்கொண்டார். எலிக்காய்ச்சல் பற்றிய பரீட்சை வினாவுக்கு நான் முழுப்புள்ளி எடுத்தவள். பதில் தெரிந்திருந்தது, கேட்கத்தான் தெரியவில்லை.

ஆகவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, எங்கள் உயர்தர வகுப்புப் பிள்ளைகளோடு இப்படியொரு கதையைப் பேச வாருங்கள். வைத்தியர் மட்டுமல்ல, கணக்காளர், சட்டத்தரணி, வியாபாரம் செய்வோர் எல்லோரிடமும் கதை உண்டு. வெளிநாட்டில் இருப்போர் இணையவழியில் சேரலாம். விடையை மட்டும் உடனே சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகள் கேட்கட்டும்.

முதல் சனிக்கிழமை நான் வருகிறேன்.