நம் தளத்துக்கு ஏன் பூட்டு?

(இளைஞர் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் கணினி படித்தவன் இல்லை. மெய்ப்பு பார்ப்பதுதான் என் வேலை. தளத்தைக் கவனித்துக்கொண்டிருந்த தோழர் வேலை கிடைத்து பெங்களூர் போனதும் கடவுச்சொல் என் கைக்கு வந்தது. என் தகுதி அவ்வளவுதான்.

நம் தளத்தில் சாதிக் கொடுமை பற்றிப் புகார் எழுத ஒரு படிவம் உண்டு. 2018 ஜூலையில் குரோம் உலாவி, 'எஸ்' இல்லாமல் வெறும் 'எச்.டி.டி.பி' என்று தொடங்கும் தளங்களையெல்லாம் 'பாதுகாப்பற்றது' என்று காட்ட ஆரம்பித்தது. நம் தளமும் அதில் ஒன்று. சில நாளில் ஒரு மாணவி தொலைபேசியில் கேட்டார்: "அண்ணா, ஹாஸ்டல் வைஃபைல இருக்கேன். இதுல எழுதினா வார்டனுக்குத் தெரிஞ்சிடுமா?" புகாரே அந்த வார்டன் மேல்தான். எனக்குப் பதில் தெரியவில்லை. "எழுதாதம்மா, நேர்ல வா" என்றேன். அரை நாள் வகுப்பை விட்டுவிட்டு வந்தார்.

அன்று இரவு உட்கார்ந்து படித்தேன். 'எஸ்' இல்லாத முகவரி என்றால், எழுதுவது அஞ்சலட்டை மாதிரி போகிறது. ஊர்த்தெரு தபால் ஆபீசுக்கு வரும் அட்டை சேரிக்கு வந்து சேர்வதற்குள் எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று உங்கள் தாத்தாவைக் கேளுங்கள். வைஃபையை நடத்துகிறவர் நினைத்தால் படிக்கலாம். வழியில் மாற்றியும் எழுதலாம். 'எஸ்' சேர்ந்தால் அது ஒட்டிய உறை. ஆனால் உறைமேல் முகவரி தெரியுமே! மாணவி நம் தளத்துக்கு வந்தார் என்பது வார்டனுக்குத் தெரியக்கூடும். என்ன படித்தார், என்ன எழுதினார் என்பது தெரியாது. இந்த வேறுபாட்டை மறைக்கக்கூடாது என்று, 'முடிந்தால் சொந்த மொபைல் டேட்டாவில் எழுதுங்கள்' என்ற வரியைப் படிவத்தின் தலையிலேயே போட்டோம்.

ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேட்டேன். சான்றிதழுக்கு ஆண்டுக்குச் சில ஆயிரம் ஆகும் என்றார்கள். நம் நிதிநிலை உங்களுக்குத் தெரியும். பிறகு பார்த்தால், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாபநோக்கற்ற அமைப்பு 2015 முதல் இதை இலவசமாகத் தருகிறது. பூட்டின் வலிமையில் எந்தக் குறையும் இல்லை. நாங்கள் தினமும் திறக்கும் ஹோஸ்டிங் பக்கத்திலேயே அதற்கொரு பொத்தான் இருந்தது! தெரிந்தவன் சொல்லாமல் வைத்துக்கொள்வது நமக்குப் புதுக் கதையா என்ன?

அழுத்தினேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. புதுக் கதவு வைத்தோமே தவிர, பழைய கதவைச் சாத்தவில்லை. பழைய முகவரியில் வருகிறவர் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தார். வேர்ட்பிரஸின் பொது அமைப்புகளில் தள முகவரிக்கு இரண்டு கட்டங்கள் உண்டு. இரண்டிலும் 'எஸ்' சேர்த்தேன். பழைய முகவரிக்கு வருகிறவரைத் தானாகப் புதியதற்குத் திருப்பும் ரீடைரக்ட் அமைப்பையும் போட்டேன். அப்போதும் பூட்டுச் சின்னம் வரவில்லை. பழைய கட்டுரைகளுக்குள் இருந்த படங்களின் லிங்க்கெல்லாம் 'எஸ்' இல்லாமல் கிடந்தன. முதலில் முழுத் தளத்தையும் நகல் எடுத்துவைத்துவிட்டு, ஒரு பிளகின் மூலம் எல்லாவற்றையும் மாற்றினேன். மெய்ப்பு பார்க்கிறவனுக்கு இதைவிடச் சுகமான வேலை உண்டா?

அந்தச் சான்றிதழின் ஆயுள் 90 நாள். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். நான் ஏதோ அமைப்பை மாற்றியதில் ஒருமுறை அது நின்றுபோனது எனக்குத் தெரியாது. ஏப்ரல் 14 காலை, அம்பேத்கர் பிறந்தநாள் சிறப்பிதழைப் படிக்க வந்தவர்களுக்கெல்லாம் பெரிய எச்சரிக்கைப் பக்கம்தான் வந்தது. அன்றிலிருந்து முடியும் தேதியைச் சுவர்க் காலண்டரில் எழுதி வைக்கிறேன்.

இன்னொன்று. உறை பத்திரமாக நம்மிடம் வந்து சேர்கிறது. நம் மின்னஞ்சல் பெட்டியில் பிரிந்து கிடக்கிறது. அதன் கடவுச்சொல் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். ஏழு பேர், பெங்களூர் தோழரையும் சேர்த்து. மாற்றி இரண்டு பேரிடம் மட்டும் கொடுத்தேன். மீதி ஐந்து பேரும் இதே அரங்கில்தான் இருக்கிறார்கள். தேநீர் இடைவேளையில் அவர்களோடு பேச வேண்டும்.